காற்றுக்கு ஒரு துளி கரி

மே மாதம், சனிக்கிழமை, இரவு எட்டே முக்கால். சென்னை ராயபுரத்தில் கல்மண்டபத்தை ஒட்டிய ஒரு தெருவில் எங்கள் வீடு. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் நடந்து போகும் தூரம்தான். ஆனால் சுற்றிலும் மூன்று மாடி, நான்கு மாடி எழும்பிவிட்டதால் கடல்காற்று எங்கள் ஜன்னலுக்கு வருவதற்குள் களைத்துப் போகிறது. அதில் இருக்கும் உப்பு மட்டும் ஒரு நாளும் தவறாமல் வந்து சேர்கிறது.

சாப்பிட உட்கார்ந்த பையன், அப்பளம் பறக்கிறது என்று ரிமோட்டை எடுத்து ஹால் ஃபேனை நிறுத்தினான். சாப்பிட்டுக் கை கழுவி வந்து மறுபடி அழுத்தினான். ஃபேன் ஓடவில்லை.

அடுத்த பத்து நிமிடம் நடந்தது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். முதலில் மெதுவாக அழுத்தினான். அப்புறம் நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினான். அப்புறம் கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்து அழுத்தினான். உள்ளங்கையில் நாலு தட்டு தட்டினான். பின்மூடியைக் கழற்றி பேட்டரிகளை விரலால் உருட்டினான், இரண்டையும் இடம் மாற்றிப் போட்டான். கடைசியில் ஸ்டூல் மேல் ஏறி, ஃபேனுக்கு அரை அடி கிட்டே ரிமோட்டைக் கொண்டுபோய், காதில் ரகசியம் சொல்வது போல அழுத்தினான். ஃபேன் அசையவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வரிசையை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் அப்பா டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு இதையே, இதே வரிசையில்தான் செய்வார்.

இதற்குள் என் அம்மா எழுந்து போய் சுவிட்ச் போர்டில் ரெகுலேட்டரை ஐந்தில் திருப்பி வைத்துவிட்டு வந்தார். அந்த ரெகுலேட்டருக்கும் ஃபேனுக்கும் இரண்டு வருடமாக எந்தத் தொடர்பும் இல்லை. இப்போது இருப்பது பிஎல்டிசி ஃபேன், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ளது. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். இது முழு வேகத்திலும் 30 வாட்டைத் தாண்டாது. ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாத மின் கணக்கில் பழையது 67 யூனிட், இது 27 யூனிட் சாப்பிடும். அப்போது முதல் 100 யூனிட் இலவசம் என்றிருந்த ஊரில் அந்த 40 யூனிட் பெரிய விஷயம், அதனால்தான் மாற்றினோம். இந்த மாதிரி ஃபேனை ரெகுலேட்டர் வழியாக ஓட்டக் கூடாது என்பதால் எலக்ட்ரீசியன் லைனை நேராகக் கொடுத்துவிட்டார். ரெகுலேட்டரைக் கழற்றினால் போர்டில் பெரிய ஓட்டை விழும், எனவே அது அங்கேயே இருக்கிறது. அம்மா தினமும் அதைத் திருப்புகிறார். "இப்பதான் காத்து வருது" என்றும் சொல்கிறார். வேகத்தை ரிமோட்டில் கூட்டியது பேரன்தான் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் முப்பது வருடம் திருப்பிய கை, திருப்பாமல் இருந்தால் அதற்குத் தூக்கம் வராது.

எங்கள் ஃபேனுக்கு ஒரு குணம் உண்டு. கடைசியாக எந்த நிலையில் இருந்ததோ அதை நினைவில் வைத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், வந்ததும் தானாக ஓடும். ரிமோட்டால் நிறுத்தியிருந்தால், சுவர் சுவிட்சை எத்தனை முறை போட்டாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். பையன் நிறுத்தியது ரிமோட்டில். ஆக, ஃபேனில் ஒரு குறையும் இல்லை, கரண்ட்டும் இருக்கிறது, மோட்டாரும் நன்றாக இருக்கிறது. ஆனால் காற்று இல்லை.

கம்பெனியின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். பேசிய பெண் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார். புகார் பதிய ஃபேனின் சீரியல் நம்பர் வேண்டுமாம். எங்கே இருக்கும் என்று கேட்டேன். ஃபேனின் மேல்பக்கம், மோட்டார் மூடியில், கூரையைப் பார்த்தபடி ஒட்டியிருக்குமாம். அதாவது பல்லிக்கு மட்டும் எட்டும் இடம். ஸ்டூல் போட்டு ஏறி, போனால் படம் பிடித்து, படத்தைப் பெரிதாக்கி நம்பரைப் படித்துச் சொன்னேன். ஆள் செவ்வாய்க்கிழமை வருவார் என்றார். இன்றைக்குச் சனிக்கிழமை.

மாடி வீட்டுத் தம்பியின் போனில் ரிமோட் வசதி உண்டு. கூப்பிட்டதும் ஓடி வந்தான். "ஒரே நிமிஷம்க்கா" என்றான். அந்தச் செயலி முதலில் அப்டேட் கேட்டது. அப்புறம் லொகேஷன் கேட்டது. தலைக்கு மேலே மூன்று அடியில் இருக்கும் ஃபேனைப் போட, நாங்கள் ராயபுரத்தில் இருக்கிறோமா என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். கொடுத்தோம். ஒரு விளம்பரம் முழுசாக ஓடி முடிந்தது. பிறகு கம்பெனிகளின் நீளமான பட்டியல் வந்தது. எங்கள் ஃபேனின் பெயர் அதில் இல்லை. எல்லாரும் சேர்ந்து சிரித்துவிட்டு அவனுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினோம்.

பரணிலிருந்து டேபிள் ஃபேனை இறக்கினேன். 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் கிடைத்தது. தூசி தட்டி, பிளக்கைச் சொருகி, 2 என்ற பொத்தானை அழுத்தியதும் ஓடியது. அது தலையைத் திருப்பித் திருப்பி அம்மாவுக்குக் கொஞ்சம், பையனுக்குக் கொஞ்சம், சுவரில் தொங்கும் காலண்டருக்குக் கொஞ்சம் என்று பங்கு வைத்தது. காலண்டரின் பங்குக்கு அது போய் வரும்வரை எல்லாரும் முகத்தை நீட்டியபடி காத்திருந்தோம்.

பத்து மணிக்கு, தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, ரிமோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டில் எது கெட்டாலும் தூக்கிப் போடுவதற்கு முன் திறந்து பார்ப்பது என் வழக்கம். ரிமோட் அதற்குத் தோதான பொருள். உள்ளே ஆபத்தான மின்சாரம் இல்லை, இரண்டு சின்ன பென்சில் பேட்டரி, மொத்தம் மூன்று வோல்ட். குழந்தைகூடப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். பையன் டார்ச் பிடித்தான்.

முதலில் புதுப் பேட்டரி போட்டுப் பார்த்தேன். பழையது ஒன்று, புதியது ஒன்று என்று ஜோடி சேர்க்கக் கூடாது. பலமான செல் பலவீனமானதை வற்ற வற்ற இழுக்கும், வற்றிய செல் ஒழுகத் தொடங்கும். இரண்டையும் மாற்றியும் ஃபேன் ஓடவில்லை.

அடுத்தது கேமரா சோதனை. இதை எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், ஏனென்றால் பாதிப் பழுதை இதுவே சொல்லிவிடும். ரிமோட்டின் நுனியில் இருக்கும் குட்டி பல்பு விடுவது அகச்சிவப்பு ஒளி, அலைநீளம் 940 நானோமீட்டர் சுமார். நம் கண் 700 தாண்டினால் அநேகமாக எதையும் பார்க்காது. போன் கேமராவுக்குத் தெரியும். பின்பக்கக் கேமராவில் பெரும்பாலும் அகச்சிவப்பைத் தடுக்கும் நல்ல வடிகட்டி இருக்கும், அதனால் செல்ஃபி கேமராவைத் திறந்து அதன் முன்னால் ரிமோட்டைப் பிடித்துப் பொத்தானை அழுத்த வேண்டும். நுனியில் ஊதா கலந்த வெள்ளையாக மினுக்கினால் ரிமோட் பேசுகிறது என்று அர்த்தம். சரி பார்க்க டிவி ரிமோட்டை வைத்து முதலில் அழுத்தினேன். மினுக்கியது. பையன் வாயைப் பிளந்தான். இத்தனை வருடம் கையில் வைத்திருந்த பொருளில் விளக்கு எரிவதை அன்றைக்குத்தான் பார்க்கிறான். ஃபேன் ரிமோட்டில் எந்தப் பொத்தானுக்கும் வெளிச்சம் இல்லை.

திறக்க வேண்டும். அதற்கு முன் உரிக்க வேண்டும். மேலே மின்சார ரயிலில் வாங்கிய பிளாஸ்டிக் கவர், கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட், கவருக்குள்ளே கம்பெனியில் ஒட்டி அனுப்பிய மெல்லிய பிளாஸ்டிக் தாள். அம்மா எதையும் எடுக்க விடவில்லை, "புதுசு அப்படியே இருக்கும்" என்பார். இரண்டு வருடம் கழித்து அந்தத் தாளை உரித்தபோது உள்ளே ரிமோட் கடையில் இருந்த பளபளப்போடு இருந்தது. மீன் குழம்புக் கை, இட்லி மாவுக் கை, விபூதிக் கை எதுவும் அதைத் தொடவில்லை. அதே கவர்தான் உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடாமலும் பார்த்துக்கொண்டது. அது பின்னால் தெரிந்தது.

பேட்டரி இருக்கும் குழியில் ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருந்த ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றிவிட்டு, இரண்டு ஓடும் சேரும் கோட்டில் காலாவதியான ஏடிஎம் கார்டைச் சொருகி நகர்த்திக்கொண்டே வந்தால் டக் டக்கென்று ஒவ்வொரு கொக்கியாக விடுபடும். கத்தி, ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், ஓட்டில் பல் பதிந்துவிடும்.

உள்ளே இருப்பது மூன்றே பொருள். பழுப்பு நிறத்தில் ஒரு போர்டு. அதன் மேல் பொத்தான்கள் எல்லாம் சேர்ந்து வார்த்த ஒரு ரப்பர் விரிப்பு. போர்டின் நடுவில் கறுப்பு மெழுகு சொட்டியது போல ஒரு துளி, அதற்குள்தான் சிப். ஒவ்வொரு பொத்தானுக்கும் நேராகப் போர்டில் இரண்டு சீப்புகளைப் பல்லோடு பல் கோத்து, ஆனால் தொடாமல் வைத்தது போலக் கறுப்புக் கோடுகள். ரப்பரின் அடியில் மிளகளவுக்கு ஒரு கரித் துண்டு. பொத்தானை அழுத்தினால் கரி இறங்கி இரண்டு சீப்புகளையும் இணைக்கும். சிப் அதைப் பார்த்து இன்ன பொத்தான் என்று புரிந்துகொண்டு பல்பை மினுக்கும். அவ்வளவுதான்.

முதல் பழுது கண்ணுக்கே தெரிந்தது. மைனஸ் பக்கத்து ஸ்பிரிங்கில் துருவும் வெள்ளைப் பூப்பும். ரிமோட்டோடு இலவசமாக வந்த பேட்டரி ஒழுகியிருக்கிறது, அதோடு எங்கள் தெருவின் உப்பும் சேர்ந்திருக்கிறது. விலை குறைந்த துத்தநாகக் கரி பேட்டரி ஒழுகினால் அது கொஞ்சம் அமிலம், ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் துடைக்க வேண்டும். அல்கலைன் பேட்டரி ஒழுகினால் அது காரம், அதற்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ. இதை மாற்றிச் செய்தால் துடைப்பதற்கு அர்த்தமே இல்லை. பழைய டூத் பிரஷ்ஷில் சோடாவைத் தொட்டுத் தேய்த்து, ஈரம் போக உலர்த்தி, துருவை உப்புத்தாளால் சுரண்டினேன். ஸ்பிரிங்கின் உலோகம் தெரிந்ததும் சால்டரிங் அயர்னைச் சுட வைத்து மெல்லியதாக ஈயம் பூசினேன். உப்பால் வந்த கோளாறை உப்புத்தாளால் தீர்ப்பது நம் மொழியில் மட்டும் நடக்கும் என்று பையனிடம் சொன்னேன். அவனுக்கும் பிடித்திருந்தது.

மறுபடி கேமரா. 1, 2, 3, 4, 5 எல்லாம் மினுக்கின. பவர் பொத்தான் மட்டும் இல்லை. நிறுத்தி வைத்த நிலையில் எங்கள் ஃபேன் பவர் பொத்தானை மட்டும்தான் மதிக்கும்.

மல்டிமீட்டரின் இரண்டு ஊசிகளையும் கரித் துண்டில் வைத்து அளந்தேன். அதிகம் தொடாத டைமர் பொத்தானின் கரி நூற்றைம்பது ஓம் போலக் காட்டியது. பவர் பொத்தானில் மீட்டர் எதையும் காட்டவில்லை. டார்ச்சில் பார்த்தால் கரி தேய்ந்து, நடுவில் வெறும் ரப்பர் பளபளவென்று தெரிந்தது. ஒரு நாளைக்குப் பத்து முறை என்றாலும் இரண்டு வருடத்துக்கு ஏழாயிரம் முறை. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் டைமர் பொத்தானை ஏழு முறைகூட யாரும் தொட்டிருக்க மாட்டோம்.

அப்போதுதான் தோன்றியது. ரப்பர் விரிப்பைக் கையில் எடுத்து, டைமரின் நல்ல கரியைப் பவர் பொத்தானின் சீப்புக் கோடுகள் மேல் வைத்து, பல்பை மேலே பார்க்க விட்டு ஒரு அழுத்து அழுத்தினேன். மணி பத்து நாற்பது. ஃபேன் லேசாக அசைந்து, யோசித்து, சுற்றத் தொடங்கியது. விரித்திருந்த செய்தித்தாள் பறந்தது. ஸ்க்ரூ எங்கே என்று பையன் தேடினான். அம்மா படுத்தபடியே "ரெகுலேட்டர் அஞ்சுலதானே இருக்கு?" என்று கேட்டார்.

அன்றிரவு எனக்கு உடனே தூக்கம் வரவில்லை. பையன் செய்த அந்த ஏழு எட்டு வித்தைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். வேடிக்கையாக இருந்தாலும் அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. பேட்டரியை உருட்டினால் முனையில் படிந்த மெல்லிய துரு உரசிப் போகும், தொடர்பு கிடைக்கும். கொஞ்ச நேரம் சும்மா இருந்த செல்லுக்குச் சற்றே தெம்பும் திரும்பும், அதனால் பத்து அழுத்தலுக்கு உயிர் வரும். உள்ளங்கையில் தட்டினால் ஸ்பிரிங் நகர்ந்து புது இடத்தைத் தொடும். ஓங்கி அழுத்தினால் கரி அதிகப் பரப்பில் படியும், தேய்ந்த பொத்தானுக்கு அது நிஜமாகவே உதவும். பேட்டரி போயிருந்தால் எவ்வளவு ஓங்கினாலும் பயனில்லை. கிட்டே போனால், மங்கிய ஒளியும் எட்டும். குறி பார்ப்பதுகூடச் சரிதான், அந்த பல்பு டார்ச் மாதிரி ஒரு பக்கமாகத்தான் வீசும். ஒரு கண்ணை மூடுவதற்கு மட்டும் எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் நினைத்துக்கொண்டேன். ரிமோட்டுக்குக் காது கிடையாது. அது சொல்லும், யாராவது கேட்டார்களா என்று அதற்குத் தெரியாது. நிறைய ரிமோட்டுகள் கடைப்பிடிக்கும் முறை ஒன்றில், முதலில் 9 மில்லி வினாடிக்கு நீளமான ஒரு மினுக்கு வரும், "இந்தா, கேளு" என்று கூப்பிடுவது போல. பிறகு 4.5 மில்லி வினாடி மௌனம். அப்புறம்தான் 32 துண்டுகளாகச் செய்தி. அந்த மினுக்கும் வெறும் வெளிச்சம் இல்லை, வினாடிக்கு 38,000 முறை அணைந்து எரிவது. வெயிலும் டியூப் லைட்டும் குறுக்கே வந்து குழப்பக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஏசி ரிமோட்டில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் வெப்பநிலை, வேகம் என்று முழு விவரமும் போகும். நடுவில் யாராவது நின்று மறைத்தால் ரிமோட் 24 என்று காட்டும், ஏசி 27லேயே நிற்கும். இரண்டும் தன்னுடையதே சரி என்று இருக்கும். அதனால்தான் நாம் எல்லாரும் கையை நீட்டியபடி அந்த "பீப்" வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

ரிமோட்டின் கதையும் இப்படிப்பட்ட சங்கடங்களால் ஆனதுதான். அமெரிக்காவில் ஜெனித் கம்பெனி 1950இல் கொண்டுவந்த முதல் டிவி ரிமோட்டுக்கு வயர் உண்டு, ஹாலில் நடக்கிறவர்கள் தடுக்கி விழுந்தார்கள். 1955இல் யூஜின் பாலி டார்ச் போல ஒளி வீசும் ஒன்றைச் செய்தார். ஜன்னல் வழியாக வெயில் பட்டாலே சேனல் மாறியது. 1956இல் ராபர்ட் ஆட்லர் செய்த ரிமோட்டில் பேட்டரியே கிடையாது. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தி அலுமினியக் கம்பியைத் தட்டும், நம் காதுக்குக் கேட்காத அந்த ஒலிக்கு டிவி கட்டுப்படும். பேட்டரி வேண்டாம் என்று விற்பனைக்காரர்கள் அடம்பிடித்தார்களாம். ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தால் ஜனங்கள் டிவியே கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள் என்பது அவர்கள் கவலை. அவர்கள் பயந்தது சரிதான். எழுபது வருடம் கழித்து ராயபுரத்தில், இரவு ஒன்பது மணிக்கு, எங்கள் வீட்டில் எல்லாரும் "ஃபேன் ரிப்பேர்" என்றுதான் சொன்னோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ரிமோட் துண்டு துண்டாகத் தட்டில் இருந்ததால் ஃபேனைச் சுவர் சுவிட்சால்தான் நிறுத்த வேண்டும், போட வேண்டும். ஓடும்போது நிறுத்தினால் ஓடுகிற நிலை அதன் நினைவில் இருக்கும், பிரச்சினை இல்லை. பையனிடம் சொன்னேன். போர்டு முன்னால் போய் நின்றுகொண்டு, "எந்த சுவிட்ச்மா?" என்று கேட்டான். எட்டு சுவிட்சில் எது ஃபேனுக்கு என்று அவனுக்குத் தெரியாது. அம்மா படுத்த இடத்திலிருந்து, போர்டைப் பார்க்காமலே, "மேல் வரிசை ரெண்டாவது கண்ணு" என்றார்.

தேய்ந்த கரிக்குப் பதில் கரி வேண்டும். பென்சில் கரியைத் தேய்த்துவிடுவார்கள் சிலர். படம் வரையும் மெத்தென்ற 6பி பென்சிலால் அழுத்தித் தேய்த்தால் வேலை செய்யும், ஆனால் சில நாளில் அழிந்துவிடும். சமையலறை அலுமினியத் தாளை வெட்டி ஃபெவிக்விக்கால் ஒட்டுவதும் உண்டு. பொத்தான் சிலிகான் ரப்பராக இருந்தால் அந்தப் பசை அதில் நிற்காது, ஒரு வாரத்தில் தாள் உதிர்ந்து உள்ளே சுற்றும், போகிற போக்கில் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து இணைத்துவிடும். என் தீர்ப்பு, உறுப்பு மாற்றுதான். இன்னொரு ரிமோட்டிலிருந்து நல்ல கரியை எடுத்து, சிலிகானை சிலிகானாலேயே ஒட்டுவது.

வீட்டில் இருந்த ரிமோட்டுகளை எல்லாம் ஒரு முறத்தில் போட்டு எண்ணினேன். எட்டு. டிவி, செட்டாப் பாக்ஸ், டிவிக்குப் பின்னால் சொருகிய ஸ்டிக், ஏசி, ஃபேன், தீபாவளிக்கு வாங்கிய கலர் லைட், டிவிடி பிளேயர், அப்புறம் எதற்கென்றே தெரியாத ஒன்று. டிவிடி பிளேயர் பழைய சாமான்காரரிடம் போய்ப் பல வருடம் ஆகிறது, ரிமோட் மட்டும் தங்கிவிட்டது. எதற்கென்று தெரியாத ரிமோட்டைத் தூக்கிப் போடலாம் என்று ஒவ்வொரு போகிக்கும் எடுப்போம். போட்ட மறுநாள் எதற்கென்று ஞாபகம் வந்துவிடுமோ என்ற பயத்தில் திரும்பவும் டிராயருக்குள் போய்விடும். டிவி ரிமோட்டில் மட்டும் 46 பொத்தான். அதில் அம்மாவுக்கு மூன்று பழக்கம். அந்த மூன்றின் மேல் சிவப்பு நெயில் பாலிஷில் பொட்டு வைத்திருக்கிறேன், மற்ற 43உம் அவருக்கு அலங்காரம்.

கல்மண்டபம் பக்கத்தில் டிவி, மொபைல் சர்வீஸ் பார்க்கும் அண்ணன் கடைக்குப் போனேன். கொஞ்சம் ஐபிஏ லிக்விட், அதாவது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கேட்டேன், போர்டு துடைக்க. "இன்னாம்மா, ஃபேன் ரிமோட்டா? புதுசு இருநூத்தம்பதுதான், வாங்கிக்கினு போயேன்" என்றார். கரி மாற்றப் போகிறேன் என்றதும் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. டிவிடி ரிமோட்டைக் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே மஞ்சளாக ஒரு சின்னப் பொருள் இருக்கும், சிப்புக்குத் தாளம் போடும் 455 கிலோஹெர்ட்ஸ் ரெசனேட்டர், கீழே விழுந்து விழுந்து அது விண்டுபோவதுதான் பழைய ரிமோட்டுகளின் பெரிய வியாதி என்றார். 455ஐப் பன்னிரண்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 38 வரும், அதிலிருந்துதான் அந்த 38,000 பிறக்கிறது. ஒரு குப்பி ஐபிஏவுக்குக் காசு வாங்கவில்லை. "ஒட்டினா சொல்லு, நானும் ட்ரை பண்றேன்" என்றார்.

வேலை இப்படி நடந்தது. போர்டின் கறுப்புக் கோடுகளைப் பஞ்சில் ஐபிஏ தொட்டு லேசாகத் துடைத்தேன். அங்கே உப்புத்தாள் பக்கமே போகக் கூடாது, அந்தக் கோடுகளும் கரிதான், சுரண்டினால் போர்டே போய்விடும். டிவிடி ரிமோட்டின் விரிப்பில், யாரும் தொடாத "ஆங்கிள்" பொத்தானைத் தேர்ந்தெடுத்தேன். அதன் கரித் துண்டைப் புது பிளேடால் கீழ்வாக்கில் சீவி எடுத்தேன். ஃபேன் ரிமோட்டின் பவர் பொத்தானிலும் தேய்ந்த பகுதியை அதே கனத்துக்குச் சீவினேன். இங்கேதான் நிதானம் வேண்டும். ஒட்டாமல் சும்மா வைத்து, இரண்டு ஓடுகளையும் சேர்த்து மூடிக் கேமராவில் பார்த்தேன். யாரும் அழுத்தாமலே பல்பு மினுக்கிக்கொண்டிருந்தது. கரி உயரமாகிவிட்டது, எப்போதும் கோட்டைத் தொட்டபடி நிற்கிறது. மறுபடி திறந்து, அடிப்பக்கத்தில் முட்டை ஓட்டின் கனம் அளவுக்கு இன்னும் ஒரு சீவு. இந்த முறை அழுத்தினால் மட்டும் மினுக்கியது.

சிங்க் ஓரத்தில் பூசும் சிலிகான் சீலன்ட் டியூப் வீட்டில் இருந்தது. குண்டூசி முனையில் ஒரு துளி. அதற்கு மேல் வைத்தால் பிதுங்கிக் கரியின் முகத்தை மூடிவிடும். ஒட்டி, நேராக்கி, கொசுவத்தி டப்பாவைக் கவிழ்த்து மூடி வைத்தேன். ஒரு முழு நாள் காய வேண்டும். அன்றைக்கெல்லாம் பையன் இருபது முறை சுவர் சுவிட்சைப் போட்டு நிறுத்தினான். போகப் போக அவனுக்கு அது பிடித்துவிட்டது. "அம்மா, இதுல குறி பார்க்கவே வேணாம்" என்றான்.

திங்கள்கிழமை மாலை வேலையிலிருந்து வந்து பூட்டினேன். ஸ்க்ரூ, மூடி, புதுப் பேட்டரி. கேமராவுக்குக் காட்டும் பொறுமை யாருக்கும் இல்லை, நேராக ஃபேனைப் பார்த்தே அழுத்தினான் பையன். நின்றது. அழுத்தினான், ஓடியது. மறுபடி, மறுபடி. போதும்டா, இதுவும் தேய்ந்துவிடும் என்று வாங்கி வைத்தேன். செவ்வாய்க்கிழமை ஆள் வர வேண்டாம் என்று உதவி எண்ணுக்குச் சொல்ல அழைத்தபோது, புகாரை மூடுவதற்கும் ஓர் ஓடிபி வந்தது.

ஒரு வேலை பாக்கி இருந்தது. ரிமோட்டை எங்கே வைப்பது? தலையணைக்கு அடியில் வைத்தால் ராத்திரி புரண்டு படுத்து யாராவது நிறுத்திவிடுகிறோம். சோபா இடுக்கில் விழுந்தால் காலையில் அரை மணி நேரம் தேடல். அம்மாவின் கை இருட்டிலும் போகும் இடம் ஒன்றுதான். ஒட்டுப் பட்டையை, அந்த வெல்க்ரோவை இரண்டு அங்குலம் வெட்டி, ஒரு பாதியை ரிமோட்டின் முதுகிலும் மறு பாதியைச் சுவிட்ச் போர்டிலும், ரெகுலேட்டருக்கு ஒட்டினாற்போல வலது பக்கத்தில் ஒட்டினேன். எழுந்து போய்ச் சுவரைத் தொடாமல் இருப்பதற்காகக் கண்டுபிடித்த பொருளைச் சுவரில் மாட்டிவிட்டு நானும் பையனும் விழுந்து விழுந்து சிரித்தோம். அங்கிருந்தே அழுத்தினால் ஒளி எட்டுமா என்ற சந்தேகத்துக்கும் சோதித்துப் பார்த்தோம். எங்கள் ஹால் சின்னது, கூரையில் பட்டுத் திரும்பும் ஒளியே போதுமாக இருந்தது.

பவர் பொத்தானிலும், 3 என்ற பொத்தானிலும் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்தேன். உப்புக்காற்றுக்காகக் கவரையும் திரும்பப் போட்டேன், இந்த முறை ஈரம் போக அடியில் இரண்டு ஓட்டையோடு.

ராத்திரி பத்து மணிக்கு அம்மா படுக்கப் போகும் முன் போர்டு பக்கம் போனார். வழக்கம்போல ரெகுலேட்டரை மூன்றில் திருப்பினார். அப்புறம் பக்கத்தில் இருந்த சிவப்புப் பொட்டின் மேல் விரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். ஃபேன் வேகம் குறைந்தது. "ரெண்டும் மூணு" என்று சொல்லிவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.